டி.வி.யைத் திட்டாதீங்க... ஸ்டூலைப் பாருங்க!

"பாருடி இவனை! கிட்டப் போகாதே, கிட்டப் போகாதேன்னு நூறு தடவை சொல்லிட்டேன். கண்ணைக் கெடுத்துக்கிட்டுதான் அடங்குவான்!"

ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததுமே எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. விஷயம் இதுதான். மூத்தவன் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதன் ஸ்கிரீன் உடைந்துவிட்டது. சின்னவன் ஒரு ஒயரை வாங்கி, சுவரில் மாட்டியிருக்கும் 32 அங்குல டி.வி.யோடு இணைத்துவிட்டான். டி.வி.யே மானிட்டர்! புது மானிட்டர் செலவு மிச்சம்தான். ஆனால் பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டடி தூரத்தில், அண்ணாந்து பார்த்தபடி மணிக்கணக்கில் டைப் அடிக்கிறான். சாயங்காலமானால் தலைவலி.

நம் தமிழ்நாட்டில் இந்தக் காட்சி பல வீடுகளில் உண்டு. 2006ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுத்தது. 2011ல் இலவச லேப்டாப் வந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால், ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பார்க்கத் தோன்றாதா? தப்பே இல்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படி உட்காருகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில், டி.வி.யிலிருந்து ஏதோ 'கதிர்' வந்து கண்ணைக் கெடுக்கும் என்ற பயத்தை விடுங்கள். 1967ல் அமெரிக்காவில் சில பழைய கலர் டி.வி.களில் எக்ஸ்ரே கசிந்தது உண்மை. மறு வருஷமே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. இன்றைய எல்.இ.டி. டி.வி.யில் எக்ஸ்ரே என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் ஏன் தலைவலி? மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, எழுத்து. 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஒரு அங்குலத்துக்கு சுமார் 92 புள்ளிகள். 32 அங்குல சாதாரண எச்.டி. டி.வி.யில் சுமார் 49தான்! கிட்டப் போனால் எழுத்து பிசிறடிக்கும். தள்ளிப் போனால் சின்னதாகிவிடும். 1982ல் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு டி.வி.தான் திரை. அதில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான், எல்லாம் கொட்டை கொட்டையாக! நாமும் அதையே செய்யலாம். கம்ப்யூட்டர் செட்டிங்கில் எழுத்து அளவை 125 அல்லது 150 சதவீதமாக்கிவிட்டு, ஸ்டூலை ஐந்தடி தள்ளிப் போடுங்கள்.

இரண்டு, உயரம். சீரியல் பார்க்க வசதியாக மேலே மாட்டிய டி.வி., டைப் அடிக்க உதவாது. கழுத்து வலிக்கும். அதோடு அண்ணாந்து பார்க்கும்போது கண் அகலத் திறந்திருக்கும், சீக்கிரம் காயும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் நன்றாகக் குறைந்துவிடும். மேலே ஃபேன் காற்று, ஜன்னல் வழியே கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி... எரிச்சலுக்குக் கேட்பானேன்? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கட்டும்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். கிட்டப் போவதால் கண் கெடுகிறது என்று நாம் திட்டுகிறோம். கண் ஏற்கெனவே கெட்டிருப்பதால் அவன் கிட்டப் போகிறானோ என்று யாராவது யோசித்தோமா?

"க்ளாஸ்ல போர்டு தெரியுதாடா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். "முன் பெஞ்சுக்கு மாத்திக்கிட்டேன் சித்தி..." என்றான். மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை! கண்ணாடி போட்டதும் ஸ்டூல் தானாகப் பின்னால் போனது. தலைவலியும் குறைந்துவிட்டது. "இத்தனை நாளா திட்டித் தீர்த்தேனே..." என்று அக்கா கண் கலங்கினாள்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளை டி.வி. பக்கத்தில் போனால் அதட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பணம் ஒரு தடையே இல்லை. 1819லிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

இன்னொன்று. கிட்டப்பார்வையைத் தடுக்க வெளிச்சத்தில் விளையாடுவது நல்லது என்கிறார்கள். தைவானில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் விடச் சொன்னார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு இறங்க ஆரம்பித்தது. நமக்கோ ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எங்கே நின்றாலும் கூப்பிடு தூரத்தில் கடல்!

மானிட்டராக டி.வி. இருக்கட்டும். சாயங்காலம் அதை அணைத்துவிட்டு, தூரத்தில் நிற்கும் கப்பலை எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடிகிறதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். என்ன, நான் சொல்றது சரிதானே?