எலியும் விஷமும் மளிகைக் கடையும்

2024 நவம்பர் மாதத்தில், தாம்பரத்துக்கு அருகேயுள்ள குன்றத்தூரில் இரு குழந்தைகள் மாண்டனர். காலராவால் அல்ல, காய்ச்சலால் அல்ல. எலியை ஒழித்துத் தருகிறோம் என்று பணம் பெற்றுக்கொண்டு வந்த ஒரு கம்பெனியின் ஆட்கள் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன விஷத்தால். இரவில் குளிர்சாதன அறையின் கதவைச் சாத்திக்கொண்டு படுத்த குடும்பம், வாந்தியும் மூச்சுத் திணறலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டது. பெற்றோர் பிழைத்தனர், பிள்ளைகள் பிழைக்கவில்லை. வழக்குப் போட்டார்கள்; கம்பெனியின் லைசென்ஸையும் ரத்து செய்தார்கள்.

இத்தோடு விஷயம் முடிந்தது என்று சர்க்கார் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் வீடுகளுக்குப் போகும் இதே ஆட்கள், இதே டப்பாக்களைத் தூக்கிக்கொண்டுதான் மளிகைக் கடைகளுக்கும் போகிறார்கள். வீட்டில் வைத்த விஷம் அந்த வீட்டாரைக் கொல்லும். கடையில் வைத்த விஷம் யார் யார் அடுப்பில் போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்?

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள், முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பின்னர், இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டன. எட்டடுக்குக் கட்டடங்கள், சுமார் 20,000 வீடுகள். அருகிலே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஈரம். பிழைப்பு நகரத்திலேயே தங்கிவிட்டதால், நாள்தோறும் பஸ் பிடித்துப் போய் வருகிறவர்கள் ஒருபுறம். கீழ்த்தளத்தில் கிடைத்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, நான்கு டப்பாக்களை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் மறுபுறம். இப்படிப்பட்ட கடை பலவற்றில் கடை வேறு, வீடு வேறு என்பது கிடையாது. நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும். திரைக்கு முன்னே அரிசி மூட்டை, பின்னே தொட்டில்.

இங்கே மாதச் சாமானை மொத்தமாகக் கட்டி வாங்குகிறவர்கள் குறைவு. அன்றைய கூலியில் அன்றைய சாமான். கால் கிலோ துவரம் பருப்பு, நூறு கிராம் சர்க்கரை, ஐம்பது கிராம் மிளகாய்த் தூள். திறந்த மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும். மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளில் சாமான் மூடிய பாக்கெட்டில் இருக்கிறது. மாதம் ஒரு தரம் மருந்தடிக்க கம்பெனியோடு ஒப்பந்தமும் இருக்கிறது. அங்கே தரையில் சிந்திய மருந்தை பாக்கெட்டாவது கொஞ்சம் தடுக்கும். ஏழையின் பருப்பையும் எலி மருந்தையும் பிரிப்பது எது? ஒரு சாக்கு!

எலி வந்தால் அண்ணாச்சி என்ன செய்வார்? பழைய நாளில் ஒரு பூனையை வைத்துக்கொள்வார். கூலி கேட்காமல், லீவு கேட்காமல் இரவு ஷிப்டு பார்த்த அந்தத் தொழிலாளிக்கு இன்றைய விதிகளில் இடமில்லை. உணவுப் பண்டம் இருக்கும் இடத்தில் பிராணிகள் கூடாது. அது சரியான விதிதான், குறை சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2011ஆம் ஆண்டில் அதன் கீழ் வந்த விதிகளும், பூச்சியும் எலியும் அண்டாமல் கடையை வைத்திருக்கும் பொறுப்பைக் கடைக்காரர் மீது சுமத்துகின்றன. வேற்றுப் பொருள் கலந்த உணவை விற்றால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது சட்டம். ஒரு லட்சம்! கடையையே விற்றாலும் தேறாத தொகை. எலி தெரிந்தால் அபராதம். ஆனால் விஷம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கடைக்காரர் எலியை மறைக்க விஷத்தைத் தேடுகிறார். கரப்பானுக்குச் சாக்பீஸ் கோடு, எலிக்குப் பசை, வண்டுக்கு மாத்திரை. கையில் கிடைத்தது எதுவோ அது.

மூல குற்றவாளி கடைக்காரர் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அரிசி வண்டின் பிறப்பைக் கவனியுங்கள். பெண் வண்டு தன் மூக்கால் தானிய மணியில் துளையிட்டு, அதற்குள் ஒரு முட்டையை வைத்து, துளையை மெழுகி அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வண்டாக வெளியே வருகிறது. ஒரு வண்டு 300 முட்டைகளுக்கு மேல் இடக்கூடும். அதாவது, அண்ணாச்சி கடையில் இன்று ஊர்கிற வண்டு, அவர் கடைக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு கிடங்கில், ஏதோ ஒரு மில்லில் மணிக்குள் புகுந்தது. மணிக்குள் இருக்கும் புழுவைக் கடைச் சுவரில் அடிக்கும் மருந்து தொடுமா? தொடாது. அது அள்ளிப் போடுகிறவரின் மூச்சைத்தான் தொடும்.

கிடங்குகளின் யோக்கியதையை நாடறியும். திறந்த வெளியில் தார்ப்பாய்க்கு அடியில் தானியம் நனைந்து புழுத்துப் போவதைக் கண்டு, கெட்டுப்போக விடுவதைவிட ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று 2010ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல நேர்ந்தது. ஈரம் ஏறிய தானியத்தில் வண்டு பெருகுகிறது. அந்த மூட்டை ரேஷன் கடைக்கு வந்தால், வரிசையில் நிற்கும் பெண்கள் விற்பனையாளரோடு சண்டை போடுகிறார்கள். பாவம், அவரும் மூட்டையைத் தைத்தவர் அல்ல.

இப்போது அந்த மாத்திரையைப் பற்றி. அலுமினியம் பாஸ்பைடு என்பது அதன் பெயர். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பின் என்ற நச்சு வாயுவைக் கக்கும். மூன்று கிராம் மாத்திரை ஒரு கிராம் வாயுவைக் கொடுக்கும். பெரிய கிடங்குகளில் மூட்டை அடுக்கைக் காற்றுப் புகாத உறையால் மூடி, நாட்கணக்கில் விட்டு, பிறகு காற்றாடவிட்டுத் திறப்பார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. சர்க்கார் நிறுவனங்களுக்கும், நிபுணர் மேற்பார்வையில் வேலை செய்யும் பூச்சி ஒழிப்பாளர்களுக்கும் மட்டுமே அதை விற்கலாம் என்பதுதான் கட்டுப்பாடு. இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. திரைக்குப் பின்னே தொட்டில் தொங்கும் கடையில், இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு இதை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

உணவும் விஷமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நேரும் என்பதை நமது நாடு இருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1958ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். கப்பலில் உணவு மூட்டைகளோடு சேர்த்து ஏற்றப்பட்ட பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கசிந்ததுதான் காரணம். நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. ஆனால் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது 1968ல், பத்து ஆண்டு கழித்து! அதற்கும் பின்னால், 2013 ஜூலையில், பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்து மத்தியான உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் வயல் மருந்து. சட்டம் காகிதத்தில் இருந்தது. மருந்து எண்ணெயில் இருந்தது.

அப்படியானால் எலியோடும் வண்டோடும் வாழச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. எலி கொண்டுவரும் நோய்கள் சாமானியமானவை அல்ல. எலியின் மூத்திரம் கலந்த வெள்ளநீரில் நடந்தாலே எலிக்காய்ச்சல் வருகிறது. அது வெறுங்காலோடு நடப்பவனைத்தான் முதலில் பிடிக்கிறது. எலி ஒழிய வேண்டும். எப்படி என்பதே கேள்வி.

சுண்டெலி நுழையக் கால் அங்குல இடுக்கு போதும். ஷட்டருக்கு அடியில், குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், உடைந்த சாக்கடை மூடியில் உள்ள இடுக்குகளை அடைக்காதவரை எத்தனை எலியைக் கொன்றாலும் வேறு எலி வரும். அந்த இடுக்குகளை அடைப்பது கொத்தனார் வேலை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் செய்ய வேண்டிய வேலை. குப்பையை அன்றன்றே அள்ளுவது உள்ளாட்சியின் வேலை. கடைக்காரர் செய்யக்கூடியதும் உண்டு: மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தில் அரையடி உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வைப்பது, பழைய சரக்கை முதலில் விற்பது, இரவில் மூடியுள்ள டின்னுக்கு மாற்றுவது, கூண்டு வைப்பது. அரிசியைச் சலித்து வெயிலில் காய வைக்க நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எட்டாவது மாடியில் வெயில் எங்கே என்பதுதான் கஷ்டம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடிவரும் வண்டு துளை வழியே புகுந்து அடியில் விழுந்துவிடும். மருந்தில்லை, புகையில்லை. இந்தப் பொறி ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஏன் இல்லை? விஷம் விற்பதில் உள்ள லாபம் குழாய் விற்பதில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

மருந்தடிக்கும் தொழிலாளியையும் மறந்துவிட முடியாது. முகமூடி இல்லை, கையுறை இல்லை, கையில் ஒரு பம்பு. டப்பாவில் உள்ளது என்ன என்பதை அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்வதில்லை. விபத்து நடந்தால் முதல் பிடி அவர் மேல்தான் விழும். இந்த வேலையைக் கம்பெனிகளின் போட்டா போட்டிக்கு விட்டுவிடாமல், பயிற்சி தந்து, நிரந்தரச் சம்பளம் தந்து, உள்ளாட்சியே ஒரு படை அமைத்து, சிறு கடைகளுக்கும் ரேஷன் கடைகளுக்கும் கட்டணமின்றிச் செய்துதர வேண்டும். கூண்டையும் மரச்சட்டத்தையும் அபராத நோட்டீசுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். குடியிருப்புள்ள கட்டடத்தில் புகை மாத்திரை வைப்பதை அடியோடு தடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் திட்டம், நிதி, உத்தரவு என்று காலம் கடத்துவார்கள் என்பதை அறிவோம். ஆகவே நாளைக் காலையிலேயே, ஒரு பைசாச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறோம். எந்த வீட்டில், எந்தக் கடையில் மருந்து வைத்தாலும், என்ன மருந்து, யார் வைத்தது, எத்தனை மணி நேரம் உள்ளே போகக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, வாசலில் ஒட்டிவிட்டுத்தான் அந்த ஆட்கள் படியிறங்க வேண்டும். ஒட்டாத கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாது என்று மாவட்ட வேளாண்மை அதிகாரிகள் அறிவிக்கட்டும்.