ஓடும் தூரத்துக்கே மானியம்!

பொதுப் பணத்தில் வாங்கிய பஸ் வண்டி வீதியில் ஓடினால் அது மக்களின் சொத்து. ஓடாமல் கொட்டகையில் நின்றால், அதனால் ஆதாயம் அடைந்தவன் அதை விற்றவன் ஒருவனே. எளிதான இவ்வுண்மையை மறந்து மானியத்தை அள்ளி வழங்கிப் பின்னர் கையைச் சுட்டுக்கொண்ட அரசாங்கங்கள் உண்டு. டீசலுக்குப் பதிலாக மின்சாரத்திலும் இயற்கை வாயுவிலும் ஓடும் வண்டிகளை நகரங்களுக்குப் பெற்றுக்கொடுப்பதற்கென உலக நாடுகள் பலவற்றில் கோடிக்கணக்கான பணம் செலவிடப்பட்டு வருகின்றது. அப்பணம் எதற்காக, யாருக்கு, எந்த நிபந்தனையின் மேல் வழங்கப்படல் வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய முற்படும் பொருள்.

இது பட்டணத்தார் பிரச்சினை, கமக்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் வாசலில் இரவு பகலாகக் காத்துக்கிடந்ததை நாம் இவ்வளவு விரைவில் மறந்துவிட முடியுமா? அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்ற வழியின்றித் தவித்தவன் கமக்காரன் அல்லனா? சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்லும் முதற் பஸ் வராது போனால், கட்டிய கீரை வாடுவது அவன் கையிலேயேதான்.

மாற்று எரிபொருள் என்னும் சொல்லை எமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்திருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயால் மோட்டார் வண்டிகளை ஓட்டியவர்கள் எம் மக்கள். அன்று எமக்கு மானியம் தந்தவர் எவருமிலர். நெஞ்சு நிறையப் புகையைத்தான் வாங்கினோம். ஆகவே, புகையற்ற வண்டிகளுக்குப் பொதுப் பணம் கொடுக்கப்படுவதை நாம் எதிர்க்கவில்லை; வரவேற்கிறோம். மின்சார பஸ் வண்டியை வாங்கும் விலை டீசல் வண்டியின் விலையிலும் மிக அதிகம். ஓட்டும் செலவோ குறைவு. தூய காற்றும் மிச்சமாகும் அந்நியச் செலாவணியும் நாட்டுக்குக் கிடைக்கும் நன்மைகள். நன்மை பொதுவாகும்போது அதன் சுமையில் ஒரு பங்கைப் பொதுப் பணம் தாங்குவது நியாயமே. எமது கேள்வியெல்லாம் தாங்கும் முறையைப் பற்றியதே.

முதலில் டில்லி மாநகரைப் பார்ப்போம். அந்நகரின் காற்று நஞ்சாகின்றது என்னும் முறைப்பாடு 1985 ஆம் ஆண்டிலேயே இந்திய உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நகரின் பஸ் வண்டிகள் யாவும் 2001 மார்ச் 31 ஆந் திகதிக்கிடையில் அமுக்கிய இயற்கை வாயுவுக்கு மாறிவிட வேண்டுமென 1998 ஜூலையில் அந்நீதிமன்றம் கட்டளையிட்டது. தவணை தவறிற்று; நீடிக்கப்பட்டது. ஈற்றில் 2002 டிசெம்பரளவில் டீசல் பஸ் வண்டிகள் நகரச் சேவையிலிருந்து அகன்றன. இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் இடைக்காலத்தில் நடந்ததென்ன? வாயு நிரப்பும் நிலையங்கள் போதாமையால் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. வண்டி வந்தது, அதற்கான தீனி வரவில்லை. மாடு வாங்குமுன் வைக்கோலுக்கு வழி பார்க்கும் கமக்காரனுக்கு உள்ள முன்யோசனை, பெரிய நகரமொன்றை ஆளுபவர்களுக்கு இல்லாது போயிற்று.

அடுத்து, சீனாவின் அனுபவத்தை நோக்குவோம். அந்நாட்டின் சென்சென் நகரம் 2017 ஆம் ஆண்டின் முடிவில் தனது பஸ் வண்டிகள் அனைத்தையும், அதாவது 16,000க்கு மேற்பட்ட வண்டிகளை, மின்சார வண்டிகளாக மாற்றிவிட்டது. மத்திய அரசாங்கமும் நகர அரசாங்கமும் வழங்கிய பெரும் மானியமின்றி இது நடந்திராது. எனினும் அதே மானியத்தின் மறுபக்கம் 2016 ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. ஐந்து வாகன உற்பத்தி நிறுவனங்கள் நூறு கோடி யுவானுக்கு மேற்பட்ட மானியத்தை மோசடியாகப் பெற முனைந்தன எனச் சீன நிதி அமைச்சு அறிவித்தது. அந்த ஆண்டு வெளிவந்த மோசடிகளின் வகைகளைக் கேட்டால் நகைப்பதா அழுவதா என்று தெரியாது. சில இடங்களில் பதிவு இருந்தது, வண்டி இருக்கவில்லை. சில இடங்களில் வண்டி இருந்தது, மின்கலம் இருக்கவில்லை. இன்னுஞ் சில இடங்களில் வண்டியும் மின்கலமும் இருந்தன; ஓட்டந்தான் இருக்கவில்லை. விற்பனை நடந்ததாகக் கடதாசி காட்டினாற் பணம் என்ற ஏற்பாடு, வண்டி செய்வதைக் காட்டிலும் கடதாசி செய்வதையே இலாபமான தொழிலாக்கிவிட்டது.

அதன்பின் சீன அரசாங்கம் செய்தது யாது? தனியார் சொந்தப் பாவனைக்கு வாங்கும் வண்டிகள் தவிர, ஏனைய வண்டிகள் 30,000 கிலோமீற்றர் ஓடிய பின்னரே மானியம் கோரலாம் என்ற விதியைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அத்தூரம் குறைக்கப்பட்டதாயினும், தத்துவம் நிலைத்தது. பிறந்ததற்குப் பரிசு இல்லை, உழைத்ததற்கே கூலி.

இந்தியாவும் தன் வழியில் இதே இடத்தை வந்தடைந்திருக்கின்றது. 2015 ஏப்ரலில் 895 கோடி இந்திய ரூபாவுடன் 'ஃபேம்' என்னும் திட்டத்தின் முதற் கட்டம் தொடங்கியது. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாவுடன் இரண்டாங் கட்டம் வந்தது. இக்கட்டத்தில் பஸ் வண்டிகளுக்கான உதவித் தொகை மின்கலத்தின் கொள்ளளவை அளந்து கணிக்கப்பட்டது. மின்கலம் பெரிதானால் உதவியும் பெரிது என்பதே அதன் பொருள். இதே திட்டத்தில், உள்நாட்டு உறுப்புக்களையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை மீறி மானியம் பெற்றதாக, மின் இருசக்கர வண்டி உற்பத்தியாளர் சிலரிடம் 2023 இல் அரசாங்கம் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தது.

இதனிடையே 2022 இல் இன்னொரு நல்ல பாடம் கிடைத்தது. டில்லி, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களின் தேவையை ஒன்றாகச் சேர்த்து, 5,450 மின்சார பஸ்களுக்கு ஒரே கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. வண்டியின் விலை கேட்கப்படவில்லை. ஒரு கிலோமீற்றர் ஓட்டித் தருவதற்கான கூலியே கேட்கப்பட்டது. 12 மீற்றர் நீளமான வண்டிக்குக் கிலோமீற்றருக்கு 43.49 இந்திய ரூபா எனவும், 9 மீற்றர் வண்டிக்கு 39.21 ரூபா எனவும் விலைகள் வந்தன. தனித்தனியே பேரம் பேசியிருந்தால் இவ்வளவு குறைந்த விலை கிட்டியிராது. ஒற்றுமையாற் கிடைக்கும் பலத்தைச் சிறிய சபைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

2023 ஓகஸ்டில் இந்திய மத்திய அரசாங்கம் 10,000 மின்சார பஸ்களுக்கென அங்கீகரித்த திட்டத்தில் இத்தத்துவமே சட்டமாகிவிட்டது. மத்திய அரசாங்கம் 20,000 கோடி ரூபாவைத் தன் பங்காக ஒதுக்கியது. பெரிய வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 24 ரூபா, நடுத்தர வண்டிக்கு 22, சிறிய வண்டிக்கு 20 என உதவி நிர்ணயிக்கப்பட்டது. டிப்போக்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் வேலைக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. டில்லியின் வாயு வரிசைகள் கற்பித்த பாடம் இருபது ஆண்டுகளின் பின் ஏட்டிலேறியது! நட்டத்தில் இயங்கும் போக்குவரத்துக் கழகங்கள் கூலியைக் கொடாது விட்டுவிடும் என்று வண்டி ஓட்டுவோர் அஞ்சியதால், 2024 செப்டெம்பரில் 3,435 கோடி ரூபாவில் கொடுப்பனவுப் பாதுகாப்புத் திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 ஆந் திகதி புறப்பட்ட 120 மின்சார பஸ்களும், உலக வங்கியின் உதவியோடு, இவ்வாறு கிலோமீற்றர்க் கூலி முறையிலேயே சேவையில் விடப்பட்டன.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. தூரத்துக்குப் பணம் என்றால், ஆளில்லாத வீதியில் வெறும் வண்டியை ஓட்டிக் கணக்கை ஏற்ற மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகையால், ஓடிய தூரம் மாத்திரம் அளவாகாது. அட்டவணையில் அறிவித்த வழியில், அறிவித்த நேரத்தில் ஓடிய தூரமே கணக்கில் சேர வேண்டும். தவறிய ஓட்டத்துக்குக் கழிவு வேண்டும். நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுத்த காலத்தில், விதைத்த காணியின் பரப்பைக் கேட்டா பணம் கொடுத்தார்கள்? நிறுத்துக் கொடுத்த நெல்லுக்கல்லவா கொடுத்தார்கள்! பதரை நீக்கியல்லவா நிறுத்தார்கள்! அந்த நீதியே இங்கும் போதும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். பெற்றோலியம் முழுவதையும் பிற நாடுகளிலிருந்து கொள்ளும் இத்தீவுக்கு மாற்று எரிபொருள் வண்டிகள் இன்றியமையாதவை. அதற்கான மானியமோ கடனோ எத்திசையிலிருந்து வந்தாலும், பங்கீடு கொழும்பிலேயே தீர்மானிக்கப்பட்டுக் கொழும்பிலேயே முடிந்துவிடக் கூடாது. இதனை நாம் வெறும் ஐயத்தாற் கூறவில்லை. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. ஏழைப் பிரயாணிகளுக்கு அதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தாங்கிய வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டன. அவ்வெழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தைப் பொறிக்கும் கிளர்ச்சி எழுந்தது. ஏறிச் செல்லும் மக்களைக் கேளாது அனுப்பப்படும் வண்டி, சேவையோடு அவமானத்தையும் ஏற்றிக்கொண்டு வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாகாணத்துக்குள் நடக்கும் பிரயாணிகள் வீதிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளுக்கு அளித்தது. ஆயினும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடாத்தப்படவில்லை. அதிகாரம் ஏட்டில்; ஆசனம் வெறுமை. இத்தகைய நிலையில் மானியத்தைக் கேட்டு விண்ணப்பிப்பவர் யார்? நிபந்தனையை ஏற்று ஒப்பமிடுபவர் யார்? வண்டி ஓடவில்லையென்றால் மக்கள் யாருடைய வாசலுக்குச் செல்வது? சுயாட்சி என்பது மேடைப் பேச்சுக்குரிய பொருளன்று. காலை ஐந்தரை மணி பஸ் வராத நாளில் பதிலிறுக்கக் கடமைப்பட்ட ஒருவர் எமது ஊரிலேயே இருப்பதுதான் சுயாட்சி.

ஆகவே நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகின்றோம். முதலாவது, மானியத்தின் பெரும்பகுதி அட்டவணைப்படி ஓடிய தூரத்துக்கே வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, வண்டி வருமுன் சாலைகளுக்கு மின்சார வசதியும் ஊழியருக்குப் பயிற்சியும் வர வேண்டும். டீசல் இயந்திரத்தைத் தன் காதாலேயே சோதிக்கும் திறமை வாய்ந்த எமது மெக்கானிக்குகளைப் புதுத் தொழிலுக்குப் பழக்காமல் வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். மூன்றாவது, ஒவ்வொரு சாலையிலும் எத்தனை வண்டி, எவ்வளவு தூரம், எவ்வளவு பணம் என்ற கணக்கு மாதந்தோறும் தமிழிலும் வெளியிடப்பட்டு, கணக்காய்வாளர் தலைமையதிபதியின் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நான்காவது, பங்கீடு தேவையை அளந்து நடைபெற வேண்டும். வடக்கு, கிழக்கின் மக்கள் தெரிந்தெடுத்த சபைகள், 2025 மே மாதத் தேர்தலின் பின் இயங்கத் தொடங்கிய உள்ளூராட்சி சபைகள் உட்பட, அதில் பங்குகொள்ள வேண்டும்.

இவற்றை அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. எம்மிடையே பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர். ஒப்பந்தத்தை வாசித்து அதிலுள்ள ஓட்டையை எடுத்துக் காட்டும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. எந்த வழியில், எந்த நேரத்தில் பஸ் வேண்டும் என்பதைச் சந்தைக்குச் செல்லும் கமக்காரனைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அறிவும் அனுபவமும் ஒரே மேசையிலமர்ந்து தமக்கு வேண்டியதைக் கடதாசியில் எழுதட்டும். புது வண்டிகளின் திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் எவரும் கொண்டுவருவர். அவ்வண்டி ஆயிரமாவது நாளிலும் ஓடுகின்றதா என்று எண்ணிப் பார்ப்பவர்களே அதன் உண்மையான உடைமையாளர்கள். அந்த உரிமையைத் தமிழ் பேசும் மக்கள் விட்டுக்கொடுத்தலாகாது.