சின்ன ஆணி... பெரிய வேலை!



உங்கள் சைக்கிளில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், ஹாண்டில் பார், சீட், பெல், பிரேக், செயின், பெடல் என்று மடமடவென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால், ஓர் ஆணியை மட்டும் நிச்சயம் மறந்துவிடுவீர்கள்.

சாதாரண சைக்கிள் ஒன்றின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பெடலைத் தாங்கும் நீளமான இரும்புக்குக் கிராங்க் என்று பெயர். அது நடு அச்சோடு சேரும் இடத்தில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் ஆணி குறுக்கே செருகியிருக்கும். அதுதான் காட்டர் பின்!

அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அச்சிலும் ஒரு தட்டையான வெட்டு உண்டு. இரண்டும் பொருந்தி இறுகிக்கொள்ளும். மண்வெட்டிப் பிடி ஆடினால் ஆப்பு அடித்து இறுக்குவார்கள் அல்லவா? அதே வேலைதான் இது.

ஆணியின் முனையில் உள்ள நட்டு எதற்கு? ஆணியை இறுக்கத்தான் என்று நினைப்போம். இல்லை! ஆணியைச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்குவார்கள். இறுகிய ஆணி விழுந்துவிடாமல் காவல் இருப்பதே நட்டின் வேலை.

இந்த ஆணி தளர்ந்தால், மிதிக்கும்போது 'டக்... டக்...' என்று சத்தம் வரும். 'சின்னச் சத்தம்தானே' என்று தொடர்ந்து ஓட்டினால் ஆணி நசுங்கிவிடும். ஒருநாள் சாலையைக் கடக்க எழுந்து நின்று அழுத்துவீர்கள். கிராங்க் சட்டென்று நழுவும். அப்போது பின்னால் ஒரு பஸ் வந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது!

இன்னொரு அதிசயம். வலது பெடலின் மரை வழக்கம்போல் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடலின் மரையோ இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். ஏன்?

ஒரு வளையலுக்குள் நாணயத்தை உருட்டிப் பாருங்கள். நாணயம் வளையலை வலமாகச் சுற்றி வரும். ஆனால் தான் மட்டும் இடமாகச் சுழலும். நாம் மிதிக்க மிதிக்க, பெடலின் தண்டும் கிராங்கின் துளைக்குள் இப்படித்தான் இம்மி இம்மியாக எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். அது கழலாமல் மேலும் இறுகத்தான், இடது பெடலுக்கு மட்டும் எதிர் மரை!

விமானத்தில் முதன்முதலில் பறந்த வில்பர், ஆர்வில் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1900-ஆம் ஆண்டில், இப்படி இருவகை மரை வைத்த கழலாத பெடல்களைத் தங்கள் சைக்கிள்களில் பொருத்தி விற்றார்கள். 1903 நவம்பரில் அவர்களது விமானத்தைச் சோதித்தபோது, புரொப்பல்லரைச் சுழற்றும் பல்சக்கரங்கள் தளர்ந்துகொண்டே இருந்தன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி அவற்றை நிற்க வைத்தார்கள்! டிசம்பர் 17-இல் 12 விநாடிகள் பறந்தார்கள். சின்ன உறுப்புகளை அலட்சியம் செய்யாதவர்களுக்கே வானம் வசப்பட்டது.

செல்லங்களே! ஒரு பொருள் எதற்கு இருக்கிறது என்று தெரியாவிட்டால், அது வேண்டாத பொருள் என்று அர்த்தமில்லை. நமக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பொம்மைக் காரைப் பிரித்து மாட்டிய பிறகு ஒரு திருகு மிச்சமானால் தூக்கி எறியாதீர்கள். 'இது எங்கே இருந்தது, என்ன செய்தது?' என்று கேளுங்கள். விடை கிடைக்கும்போது அந்தப் பொருள் முழுவதும் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை நிறுத்தி வைத்து, அப்பா அல்லது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிராங்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். விரலைச் செயினுக்குள் விடாதீர்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கடைக்காரர் வேலை செய்வதைக் கவனியுங்கள். 'மாமா, இது எதுக்கு?' என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்!

அன்புடன்,
ஆசிரியர்