தொடர்மாடியில் எது தொடரும்?

கொழும்பிலே 'தோட்டம்' என்றால் பூவும் கனியும் பொலியும் இடமன்று. சிறு வீடுகள் நெருங்கி நிற்கும் ஒழுங்கை என்பதே பொருள். அத்தகைய தோட்டங்களை அகற்றி, அங்கு வாழ்ந்தோரைத் தொடர்மாடிகளிற் குடியேற்றும் முயற்சி 2010 ஆம் ஆண்டின் பின் விரைவு பெற்றது. தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் மாடிகள் ஓங்கி எழுந்தன.

வெள்ளம் புகாத வீடும் தனிக் கழிப்பறையும் ஏழைக்குக் கிட்டுதல் நன்றே. அதனை மறுப்பார் யார்? ஆயினும், கொம்பனித் தெருவில் நெடுங்காலம் வாழ்பவன் என்ற முறையில் ஒன்று கேட்பேன். தொடர்மாடியில் மாடி தொடர்கின்றது, வாழ்வு தொடர்கின்றதா?

விடியலில் இடியப்பம் அவித்து ஒழுங்கை முகப்பில் விற்பவளிடம், பத்தாம் மாடிக்கு ஏறிச்சென்று வாங்குவோர் யார்? மின்தூக்கி பழுதுற்றால் நோயாளர் எங்ஙனம் இறங்குவர்? ஏறத்தாழ 400 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை அடங்குமா? எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் அழையாமலே வந்து கூடுவர். சீட்டுக் குலுக்கி வீடு பகிர்ந்தால், அந்த அயல் திக்குத்திக்காய்ச் சிதறிவிடும்.

2010 மே மாதத்தில் எம் பகுதியின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டமையை நாங்கள் மறக்கவில்லை. ஆதலாலேயே புதுத் திட்டம் என்றவுடன் அச்சம் முந்துகின்றது.

'குடி' என்னுஞ் சொல் வீட்டையும் குறிக்கும். அதில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். தமிழ் பிரிக்காத இரண்டையும் திட்டமிடுவோர் பிரித்தலாகாது. முதலிற் குடிகளைக் கேட்க. அயலவரை அயலவராகவே அமர்த்துக. கீழ்த்தளத்திற் சிறு வணிகர்க்கு இடம் ஒதுக்குக. வீட்டுறுதியைக் கையிற் கொடுத்தபின் பழைய சுவரில் கைவைக்க.