பேசப்படுவது அவர்களைப் பற்றி. நாற்காலி மட்டும் இல்லை!



உகாண்டாவின் தென்மேற்கில் புவிண்டி என்றொரு மழைக்காடு இருக்கிறது. உலகில் எஞ்சியுள்ள மலைக் கொரில்லாக்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அங்குதான் வாழ்கின்றன. அவற்றைக் காண 2024 ஜூலை முதல் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கட்டணம் 800 அமெரிக்க டாலர்.

அந்தக் காட்டின் பழைய குடிகள் பட்வா மக்கள். வேட்டையும் தேனும் கிழங்குமாக வாழ்ந்தவர்கள். 1991-இல் புவிண்டியும் இம்கஹிங்காவும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். உழுது பயிரிட்ட அடையாளம் இல்லாததால் நிலத்திற்கு உரியவர்களாகவே அவர்கள் கருதப்படவில்லை. பெரும்பாலோருக்கு இழப்பீடும் இல்லை. இன்று பலர் பிறர் நிலத்தில் குடிசை போட்டு, அதே நிலத்தில் கூலி வேலை செய்கின்றனர்.

பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பணத்தில் சாலை போடுவதா, ஆடு வாங்குவதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நம் கேள்வி இதுதான்.

உகாண்டாவில் கிராமம் முதல் மாவட்டம் வரை ஐந்து படிகளில் உள்ளாட்சி மன்றங்கள் உண்டு. பெண்கள், இளையோர், உடற்குறையுடையோர், முதியோர் ஆகியோருக்கு அவற்றில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பட்வா மக்களுக்கு ஒதுக்கீடு இல்லை. இத்தனைக்கும், முடிவெடுப்பதில் பங்குபெறச் சிறுபான்மையினருக்கு உரிமை உண்டு என்று 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 36-ஆவது பிரிவே கூறுகிறது.

"தேர்தலில் நின்று வெல்லட்டுமே" என்பார்கள். எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் அவர்கள் ஆறாயிரம் பேர் அளவில்தான். அதுவும் பல கிராமங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். 2018-இல் நடந்த கிராமத் தேர்தலில் வாக்குச்சீட்டு இல்லை. ஆதரிக்கும் வேட்பாளரின் பின்னால் எல்லோர் கண்முன்னும் வரிசையில் நிற்க வேண்டும். குடியிருக்க இடமும் கூலியும் தருபவரை எதிர்த்து எத்தனை பேர் நிற்பார்கள்?

புருண்டி ஒரு வழி காட்டியது. 2005-ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தலா மூன்று இடங்களை இம்மக்களுக்கு ஒதுக்கியது. 2020-இல் இமெல்டே சபுஷிமிகே அச்சமூகத்திலிருந்து வந்த முதல் அமைச்சரானார். பாராட்டலாம். ஆனால் தலைநகரில் மூவர் அமர்ந்தால் மட்டும் கிராமத்தில் நிலம் பங்கிடும்போது குரல் கேட்டுவிடாது.

ஆகவே தேவை கிராம அளவிலான இடஒதுக்கீடு. ஒருவரை மட்டும் அமர்த்தினால் அவர் பொம்மையாகிவிடுவார். குறைந்தது இருவராவது, அதில் ஒரு பெண்ணாவது வேண்டும். அவர்களைப் பட்வா மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் அதற்கு ஈட்டுப்படியும் தர வேண்டும். இவை பெரிய செலவல்ல. மனம்தான் வேண்டும்.

2021 ஆகஸ்டில் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் பட்வா மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசோ மேல்முறையீடு செய்தது. நாளை இழப்பீடு கிடைத்தாலும், அதைப் பங்கிடும் கூட்டத்தில் அவர்கள் இல்லையென்றால் என்ன பயன்?

ஆப்பிரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நம் மலேசியாவில் ஓராங் அஸ்லி ஒருவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2019-இல், கேமரன் மலை இடைத்தேர்தலில்தான். நாடு விடுதலை பெற்று 61 ஆண்டுகள் ஆன பின்பு!

அடுத்த முறை உங்கள் ஊர்க் கூட்டத்தில், சங்கத்தில், ஆலய நிர்வாகத்தில் சுற்றிப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர் அங்கே இருக்கிறாரா? இல்லையென்றால், முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். பேச்சு பிறகு தொடங்கட்டும்.