உலக்கையை இறக்கி வைக்க ஓர் இயந்திரம்

ஒரு மலையில் எது விளையும் என்பதை மண்ணும் மழையும் சொல்லும். எது நிலைக்கும் என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே சொல்கிறது. கல்வராயன் மலையில் சாமைக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது புரியும்.

1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின், பிடியில் இருந்தது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விதைத்து உண்டவர்கள். கேழ்வரகை அடித்துத் தூற்றினால் அரைத்துவிடலாம். சாமை அப்படியல்ல, மணி சிறியது, உமி கெட்டி. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் ஒரு வேளைச் சோறு. அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவுச்சத்தின் வரத்து நின்றபோது, மலைக்குக் கீழே சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி (சேகோ) செய்யும் தொழில் பிறந்தது. சின்னசேலம் வரை சேகோ ஆலைகள் எழுந்தன. 1981இல் விற்பனைக்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பிடுங்கிய சில நாள்களில் கெட்டுவிடும் மரவள்ளிக்கு ஆலையும் லாரியும் சந்தையும் அமைந்தன. மாதக்கணக்கில் கெடாத சாமைக்கு ஓர் அரவை மில் அமையவில்லை. மலைச்சரிவில் மரவள்ளி ஏறியது. ரேஷன் அரிசி வந்ததும் உலக்கை ஓய்ந்தது. அதற்காக அந்தப் பெண்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் துறந்தது சாமையை அல்ல, முதுகு ஒடியும் வேலையை.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் இன்று சாமை அரிசி பொட்டலங்களாக அடுக்கியிருக்கிறது. ஆனால் உமியோடு விற்கும் உழவருக்குத் தானியத்தின் விலைதான். அரிசியின் விலை உமி நீக்குபவருக்குப் போகிறது.

உமி நீக்கும் இயந்திரங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த இயந்திரம் யாரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படுகிறது என்பதே கேள்வி. கல்வராயனில் வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூரிலும், வீட்டு மின்சாரத்திலோ சூரிய ஒளியிலோ அது ஓட வேண்டும். பழுதானால் உள்ளூர் இளைஞரே பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும். வரைபடம் போடுமுன், சாமை குத்திய கைகளிடம் கேட்க வேண்டும்.

நெல் மில் வந்தபோது சமவெளிப் பெண்கள் உலக்கையை இறக்கி வைத்தார்கள், சோற்றை இழக்கவில்லை. மலைப் பெண்களுக்கும் அந்த நியாயம் கிடைக்கட்டும்.