போர்முனையிலிருந்து வந்த பட்டு அட்டை

1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதல் உலகப் போரின்போது, பிரான்சில் போரிட்ட பிரித்தானிய வீரர்கள் தம் வீட்டாருக்கு அனுப்பிய நினைவுப்பொருள்களுள் பட்டு அஞ்சலட்டை குறிப்பிடத்தக்கது. மெல்லிய பட்டு வலைத்துணியில் மலர்களையும் நாட்டுக் கொடிகளையும் ‘அன்புள்ள அன்னைக்கு’ என்பது போன்ற சொற்களையும் வண்ண நூலால் பூத்தையலிட்டு, அட்டையில் ஒட்டி விற்றனர். பிரான்சு, பெல்சியம் நாட்டுப் பெண்கள் பலர் இத்தொழிலில் ஈடுபட்டனர். சில அட்டைகளில் பட்டே சிறு பைபோல் அமைந்திருக்கும். அதனுள் ஒரு குட்டி வாழ்த்துச் சீட்டு இருக்கும்.

இவற்றைக் கடைச்சரக்கு என்று ஒதுக்குவோர் உளர். வீரன் தன் கையால் செய்ததே மெய்யான நினைவுப்பொருள் என்பது அவர்தம் கருத்து. பீரங்கிக் குண்டின் பித்தளை உறை பூச்சாடியானதும், குண்டின் அலுமினியப் பகுதி மோதிரமானதும் உண்மையே. ஆனால் அவற்றுள்ளும் பல, போர்முனைக்குப் பின்னால் இருந்தோர் செய்து விற்றவை. இதனை அவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்!

விலைக்கு வாங்கியதால் அன்பு குறைந்துவிடுமா? வீரன் எழுதிய மடலை அவனுடைய அதிகாரி முதலில் படித்தார். தான் இருக்கும் ஊரின் பெயரைக்கூட அவன் எழுத இயலாது. பிறர் கண் படும் தாளில் மனைவிக்கு உரிய சொல்லை எழுத யாருக்குத்தான் கை வரும்? அதே பிரான்சில் போரிட்ட இந்திய வீரருள் பலர் எழுத்தறியாதவர். பிறரைக் கொண்டே மடல் எழுதுவித்தனர். அம்மடல்களும் தணிக்கைக்கு உட்பட்டன. அத்தகைய நிலையில், எழுதக் கூசிய சொல்லை முன்பே தைத்து வைத்திருந்த அட்டை பெருந்துணையாயிற்று.

படைப்பிரிவின் சின்னம் பொறித்த மார்பூசியும் இவ்வாறே வாங்கி அளிக்கப்பட்டது. செல்வர் பொன்னிலும் மணியிலும் செய்வித்தனர். நாளொன்றுக்கு ஒரு சில்லிங் அடிப்படை ஊதியம் பெற்ற எளிய வீரன் பித்தளையிலோ முத்துச்சிப்பியிலோ செய்ததை வாங்கினான். தாயும் மனைவியும் அதனை ஆடையில் குத்திக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றனர். அவனுடைய ஊதியத்தோடு ஒப்பிட்டால் பித்தளை ஊசியும் சிறு செலவன்று.

இன்று பழம்பொருள் சந்தையில் பொன் ஊசிக்கே விலை மிகுதி. அணிந்தவர் பெயர் பெரும்பாலும் உடன் வருவதில்லை. பட்டு அட்டைகளையோ பூத்தையல் தெரியுமாறு சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். பின்புறத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் சுவரை நோக்கியே இருக்கின்றன.